கழிவுநீரும் சமூக உறவுகளும்: ஜின்சு ஆறு தரும் பாடம்

கழிவுநீரிலுள்ள அசேதன மாசுகளைக் கண்டறிதலும் அகற்றலும் இரசாயனவியலுக்கு மட்டுமே உரிய பிரச்சினைகளாகக் கருதப்படுவதுண்டு. யப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையின் வரலாறு இக்கருத்தை மீளாய்வு செய்யுமாறு நம்மைக் கோருகின்றது.

மிற்சுயி நிறுவனத்தின் கமியோகாச் சுரங்கத்தில் நாகத் தாதுவுடன் கட்மியமும் வெளிவந்தது. அது ஆற்றிற் கலந்து, வயல்களிற் படிந்து, நெல்லினூடாக உழவரின் உடலை அடைந்தது. சிறுநீரகம் பழுதுற்று எலும்பு முறிந்தோர், பெரும்பாலும் பெண்கள், எழுப்பிய 'இத்தாய்' என்னும் வேதனைக் குரலே நோயின் பெயராயிற்று. 1968இல் அரசு காரணத்தை ஏற்றது. 1972இல் மேன்முறையீட்டிலும் மக்களே வென்றனர்.

நீரிற் கரைந்த கட்மியம் கண்ணுக்குப் புலப்படாது. அதன் அணுக்கள் குறித்ததோர் அலைநீள ஒளியை உறிஞ்சும் இயல்பைக்கொண்டே அணுவுறிஞ்சல் முறை அதனை அளவிடுகின்றது. சுண்ணாம்பிட்டுக் காரத்தன்மையை உயர்த்த, அது ஐதரொட்சைட்டாக வீழ்படிவாகும். எனினும் மாசு அழிவதில்லை, சேறாக உருமாறுகின்றது. அச்சேற்றைக் காப்பதும் உற்பத்திச் செலவே. இலாபக் கணக்கு அச்செலவைத் தவிர்க்குமிடத்து, உழவரின் எலும்புகளே அதனைச் செலுத்துகின்றன. வயல்மண்ணைச் சீராக்கும் பணி 1979 தொடங்கி 2012 வரை நீடித்தது.

1972இன் உடன்படிக்கை, நிபுணர்களுடன் சுரங்கத்தினுட் சென்று ஆராயும் உரிமையை மக்களுக்கு ஈந்தது, செலவு நிறுவனத்தினுடையது. அளவுகருவி யார் கையில் உள்ளது என்பதும் விஞ்ஞானத்தின் வினாவே என்பதை இவ்வுரிமை நமக்கு உணர்த்துகின்றது.