வயிற்றுக்குள் ஒரு கேமரா
(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அதனால் ரேஷன் கார்டோ, பேங்க் நோட்டீஸோ, வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். சென்ற ஆண்டு எட்டயபுரத்துப் பெரியப்பாவின் ஆஸ்பத்திரி ஃபைலும் அப்படித்தான் வந்தது. இரைப்பையில் புற்றுநோய். ஆபரேஷன் என்று சொல்லி உள்ளே கொண்டுபோனார்கள். ஒரு மணி நேரத்தில் சின்னச் சின்னதாக மூன்று தையலோடு வெளியே வந்தார். கட்டி உள்ளேயேதான் இருந்தது. பெரியம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏலே, பாத்துட்டு ஒண்ணும் செய்யாம மூடிட்டாங்களே! நீதான படிச்சவன், என்னன்னு சொல்லு."

எனக்குத் தெரிந்ததெல்லாம் லேத்தும் வெல்டிங்கும். டாக்டரிடம் கேட்டும் நூலகத்தில் படித்தும் புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

வாய் வழியாக விடும் எண்டோஸ்கோப் இரைப்பையின் உட்பக்கத்தைத்தான் காட்டும். புற்று சுவரைத் துளைத்து வெளிப்புறம் வந்துவிட்டால், பருத்திக்காய் வெடித்துப் பஞ்சு பறப்பதுபோல அதன் செல்கள் வயிற்றின் உள்ளுறை மேல் விழுந்து ஒட்டிக்கொள்ளும். அவை கம்பு மணியைவிடச் சிறிதாக இருந்தால் சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. அதைக் கண்ணால் பார்க்கத்தான் லேப்ராஸ்கோப்பி.

நம் பிரிவு நண்பர்களுக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். தொப்புள் அருகே சிறு துளை போட்டு, கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை உள்ளே விட்டு வயிற்றைப் பந்துபோல உப்ப வைக்கிறார்கள். அழுத்தம் 12 முதல் 15 மி.மீ. பாதரசம். அதைத் தாண்டினால் கருவியே வாயுவை நிறுத்திவிடும். நம் லேபில் பார்க்கும் பிரஷர் ரெகுலேட்டரின் வேலைதான். ஏன் சாதாரணக் காற்று கூடாது? இந்த வாயு தீப்பிடிக்காது, ரத்தத்தில் எளிதில் கரைந்து மூச்சோடு வெளியேறிவிடும். உள்ளே மின்சாரத்தால் சுட்டு ரத்தத்தை நிறுத்துவார்கள். கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு நடுவே வளர்ந்த நமக்குத் தீயின் அருமை சொல்லித் தர வேண்டுமா!

பிறகு 10 மி.மீ. தடிமனுள்ள டெலஸ்கோப்பை விட்டுக் கல்லீரல் மேற்பரப்பு, குடல் மேல் படர்ந்த கொழுப்புத் திரை, அடிவயிறு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். ஒன்றுமே தெரியாவிட்டாலும் உப்பு நீரை ஊற்றி உறிஞ்சி, அதில் புற்றுச் செல் மிதக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் தேடுகிறார்கள். இருந்தால் அதுவும் நான்காம் கட்டம்தான். கல்லீரலின் உள்ளே ஆழத்தில் இருப்பது மட்டும் இந்தக் கேமராவுக்குத் தெரியாது. அதற்கு ஸ்கேன்தான் வேண்டும்.

இக்கருவி புதிதல்ல. 1901இல் ஜெர்மனியின் கெல்லிங் ஒரு நாயிடமும், 1910இல் ஸ்வீடனின் யாக்கோபியஸ் மனிதரிடமும் செய்து காட்டினார்கள். நம் நாட்டில் பம்பாய் டாக்டர் தெஹெம்டன் உத்வாடியா 1972லேயே நோய் கண்டறிய இதைக் கையாண்டார். 1990இல் இதன் மூலமே பித்தப்பையை அகற்றினார். தமிழ்நாட்டில் இத்துறையை வளர்த்தவர்களில் கோவை டாக்டர் சி. பழனிவேலு முக்கியமானவர்.

சரி, பெரியம்மாவின் கேள்விக்கு வருவோம். உள்ளே பரவல் இல்லையென்றால் முதலில் சில சுற்று கீமோ, பிறகு இரைப்பையை அகற்றும் ஆபரேஷன், அதன்பின் மறுபடி கீமோ. பரவியிருந்தால் கீமோதான் பிரதான வைத்தியம். அடைப்போ ரத்தக் கசிவோ வந்தாலொழிய பெரும்பாலும் கத்தி வைப்பதில்லை. வைத்தால் புண் ஆறவே வாரக்கணக்கில் படுக்கை, அதுவரை கீமோவும் தள்ளிப்போகும். பெரியப்பாவுக்கு வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. அதனால்தான் மூன்று தையலோடு நிறுத்தினார்கள். இதை அன்றே வராந்தாவில் ஐந்து நிமிடம் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் பெரியம்மா இரண்டு ராத்திரி அழுதிருக்க மாட்டார்.

"வயித்தத் தொறந்து காத்துப் பட்டாப் புத்து பரவிரும்" என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. அதற்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கே போகாதவர்கள் உண்டு. காற்று எதையும் பரப்புவதில்லை. முன்பு வயிற்றைத் திறந்த பிறகுதான் பரவியிருப்பதே தெரியவரும், மூடிவிடுவார்கள். கொஞ்ச நாளில் ஆள் போய்விடுவார். பழி காற்றின் மேல் விழுந்தது.

இதைப் பெரியம்மாவிடம் இரண்டு முறை சொன்னேன். முதல் தடவை நம்பவில்லை. இரண்டாம் தடவை, "அப்போ மருந்து ஏத்த என்னைக்கு வரச் சொன்னாங்க?" என்று கேட்டார். தையல் போட்ட பத்தாம் நாள் கீமோ ஆரம்பித்தது. இப்போது நான்கு சுற்று முடிந்திருக்கிறது. பெரியப்பா கம்மங்கூழைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறார். மருந்து எந்த அளவு வேலை செய்திருக்கிறது என்று பார்க்க, பொங்கல் கழிந்து ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் மறுபடி கேமரா விடுவதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். ஃபைல் இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது.