உங்களுக்குத் தெரியுமா? 11 பாகங்களில் ஒரு பெடல்!

1966-இல் இங்கிலாந்தின் ஆர்பிட்டர் நிறுவனம் கொண்டுவந்த 'ஃபஸ் ஃபேஸ்' என்ற, கிட்டார் ஒலியைக் கரகரக்கச் செய்யும் பெடலின் சுற்றில் இருப்பவை இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு திருகு கட்டுப்பாடுகள், அவ்வளவுதான். கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் புகழ்பெற்ற கரகரப்பு பெரும்பாலும் இதன் வழியே பிறந்ததுதான். சுற்று இவ்வளவு எளிமையானது என்பதால், பாகங்கள் அடங்கிய கிட்டை வாங்கி நாமே பற்றவைத்த பெடல் அசலுக்கு ஈடாகாது என்ற பேச்சை அப்படியே ஏற்க முடியாது. ஆரம்பகாலப் பெடல்களின் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் ஒன்றைப்போல் ஒன்று இருந்ததில்லை. பெருக்கும் திறனும் கசிவு மின்னோட்டமும் ஒவ்வொன்றிலும் ஒரு விதம். மேடைச் சூட்டில் அவையும் மாறும். அசல்களிலேயே சில அபாரம், சில சுமார். கிட் செய்பவரோ டிரான்சிஸ்டரைச் சாக்கெட்டில் செருகி, இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் மல்டிமீட்டர் முனையை வைத்து, 9 வோல்ட் பேட்டரியில் பாதியளவாக, ஏறக்குறைய 4.5 வோல்ட் காட்டும்வரை டிரிம்பாட் என்ற சிறு திருகு ரெசிஸ்டரைத் திருகலாம். பிடிக்காவிட்டால் கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகலாம். இந்தப் பொறுமை பெருவாரி உற்பத்திக்குக் கட்டுப்படியாகாது.

கடையில் வாங்குவதே மலிவு என்பார்கள். பல நேரம் உண்மைதான். சாலிடரிங் அயர்னும் மீட்டரும் சேர்ந்தால் முதல் பெடலின் செலவு எகிறும். ஆனால் ஜாக்கில் வயர் விட்டுப்போனால் எங்கே தொட வேண்டும் என்பது, செய்தவருக்குத் தெரியும். ஆபத்து? 9 வோல்ட்டில் பயமில்லை. வால்வு ஆம்ப்ளிஃபையர் கிட் அப்படியல்ல: உள்ளே சில நூறு வோல்ட் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும். புதியவர்கள் அதில் கைவைக்கவே கூடாது.