கன அயனி மோதல்கள்

கன அயனி மோதல் என்பது தங்கம், ஈயம் போன்ற கனமான தனிமங்களின் அணுக்கருக்களை ஒளியின் வேகத்தை நெருங்கும் அளவுக்கு முடுக்கி, எதிரெதிர் திசையில் மோதச் செய்யும் ஆய்வு முறை ஆகும். மிக உயர்ந்த வெப்பநிலையிலும் அடர்த்தியிலும் அணுக்கருப் பொருள் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை அறிவதே இதன் நோக்கம். இம்மோதலில் குவார்க்-குளுவான் பிளாஸ்மா என்னும் பொருள்நிலை மிகச் சிறிது நேரம் உருவாகிறது. பெருவெடிப்புக்குப் பிந்தைய முதல் சில மைக்ரோ நொடிகளில் அண்டம் இந்நிலையிலேயே இருந்தது என்று கருதப்படுகிறது.

அடிப்படைக் கருத்து

அணுக்கரு புரோட்டான்களாலும் நியூட்ரான்களாலும் ஆனது. அவை ஒவ்வொன்றிலும் உள்ள மூன்று குவார்க்குகளைக் குளுவான்கள் என்னும் துகள்கள் பிணைத்து வைக்கின்றன. மின்விசை தொலைவு கூடக்கூடக் குறையும். குவார்க்குகளுக்கு இடையிலான விசையோ அவற்றை இழுத்துப் பிரிக்கும்போது குறைவதில்லை. அதனால் தனித்த குவார்க்கை எவரும் கண்டதில்லை. மாறாக, குவார்க்குகள் மிக நெருங்கும்போது விசை தளர்கிறது. இதை 1973இல் டேவிட் கிராஸ், பிராங்க் வில்செக், டேவிட் பொலிட்சர் ஆகியோர் கணக்கிட்டுக் காட்டினர். இதற்காக 2004இல் அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதன்படி, அணுக்கருப் பொருளைப் போதிய அளவு சூடாக்கினால் புரோட்டான், நியூட்ரான் என்ற எல்லைகள் அழிந்து குவார்க்குகள் விடுபட வேண்டும். அதற்குத் தேவையான வெப்பநிலை ஏறத்தாழ 2 இலட்சம் கோடி டிகிரி. சூரியனின் மையத்தில் இருப்பது சுமார் 1.5 கோடி டிகிரி மட்டுமே.

முடுக்கிகள்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள புரூக்கேவன் தேசிய ஆய்வகத்தின் சார்பியல் கன அயனி மோதுவி 2000ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. அதன் வளையத்தின் சுற்றளவு சுமார் 3.8 கி.மீ. தங்க அணுக்கருக்கள் அதில் மோதவிடப்பட்டன. ஜெனீவா அருகே செர்ன் அமைப்பின் 27 கி.மீ. சுற்றளவுள்ள பெரிய ஆட்ரான் மோதுவியில் ஈய அணுக்கரு மோதல்கள் 2010 நவம்பரில் தொடங்கின. அங்குள்ள ஆலிஸ் உணர்கருவி இவ்வாய்வுக்கென்றே வடிவமைக்கப்பட்டது. கொல்கத்தாவின் மாறு ஆற்றல் சைக்ளோட்ரான் மையம் உள்ளிட்ட இந்திய நிறுவனங்களும் இதில் பங்கேற்றன.

அறியும் முறை

ஒரு நொடியை 1க்குப் பின் 23 சுழியங்கள் கொண்ட எண்ணால் வகுத்தால் கிடைக்கும் நேரத்தைப் போலச் சில மடங்கு நேரமே பிளாஸ்மா நிலைத்திருக்கும். பிறகு அது விரிந்து குளிர்கிறது. குவார்க்குகள் மீண்டும் இணைந்து ஆயிரக்கணக்கான துகள்களாகச் சிதறுகின்றன. உணர்கருவிகள் பெரும்பாலும் பதிவு செய்வது இத்துகள்களையே. அவற்றின் திசை, ஆற்றல், வகை ஆகியவற்றைக் கொண்டு நடந்ததைக் கணிக்க வேண்டும்.

எதிர்பாராத முடிவு

விடுபட்ட குவார்க்குகள் வளிமம் போல, ஒன்றையொன்று அதிகம் பாதிக்காமல் திரியும் என்றே பலர் எதிர்பார்த்தனர். இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. இரு அணுக்கருக்கள் சற்று விலகி மோதும்போது, அவை மேற்பொருந்தும் பகுதி பாதாம் பருப்பு வடிவில் அமையும். உள்ளே இருப்பது வளிமம் எனில், துகள்கள் எல்லாத் திசைகளிலும் ஏறக்குறைய சமமாக வெளிவரும். நீர்மம் எனில், குறுகிய பக்கத்தில் அழுத்தம் விரைவாக மாறுவதால் அத்திசையில் அதிகத் துகள்கள் வெளிவரும். புரூக்கேவனில் காணப்பட்டது இரண்டாவது வகையே.

மற்றொரு சான்றும் கிடைத்தது. மோதலில் எதிரெதிராகப் புறப்படும் இரு துகள் தாரைகளில் ஒன்று வெளிவர, பிளாஸ்மாவைக் கடக்க வேண்டிய மற்றொன்று ஆற்றலை இழந்து மங்கியது. 2005 ஏப்ரலில் அங்குள்ள நான்கு ஆய்வுக் குழுக்களும் தம் முடிவுகளை வெளியிட்டன. பிளாஸ்மா மிகக் குறைந்த பாகுநிலை கொண்ட, ஏறத்தாழ முழுநிறைவான நீர்மமாக நடந்துகொள்கிறது என்பது அவற்றின் சாரம்.

விடை காணாத வினாக்கள்

மிக உயர்ந்த ஆற்றலில் சாதாரணப் பொருள் பிளாஸ்மாவாக மாறுவது, வெண்ணெய் இளகுவது போலப் படிப்படியாக நிகழ்கிறது. அடர்த்தி கூடிய நிலையில் அது நீர் கொதிப்பது போலத் திடீரென நிகழக்கூடும். இவ்விரு வகைகளும் பிரியும் மாறுநிலைப் புள்ளி ஒன்று உள்ளதா என்பது இன்னும் உறுதியாகவில்லை. ஆற்றலைக் குறைத்து மோதவிட்டால் அடர்த்தி மிகுந்த பொருள் கிடைக்கும் என்பதால், 2010 முதல் புரூக்கேவனில் அவ்வகை ஆய்வுகள் நடந்தன. நியூட்ரான் விண்மீன்களின் உட்பகுதியைப் புரிந்துகொள்ளவும் இவ்விடை உதவும்.