பிழைக்கும் ஓர் இலக்கணம் உண்டு

அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்த மாணவி அவர். குடும்பத்தின் முதல் பட்டதாரி. காணொலி வழியே நடந்த வேலைவாய்ப்பு நேர்காணலில் கடைசிச் சுற்று வரை வந்துவிட்டார். மறுமுனையில் இருந்தவர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அதிகாரி. 'டோன்ட் யு ஹேவ் எனி ப்ராப்ளம் வித் நைட் ஷிஃப்ட்?' என்று அவர் கேட்டார். இரவுப் பணியில் உங்களுக்குச் சிக்கல் எதுவும் இல்லையா என்பது கேள்வி. மாணவி சற்றும் தயங்காமல் 'எஸ் சார்' என்றார். 'ஆம், இல்லை' என்பது அவர் எண்ணம். 'ஆம், இருக்கிறது' என்று அதிகாரி குறித்துக்கொண்டார். இரவுப் பணிக்கு உடன்படவில்லை என்ற குறிப்போடு அவர் பெயர் நீக்கப்பட்டிருந்ததைக் கல்லூரிக்கு வந்த பட்டியலில் கண்ட பிறகுதான், நடந்தது என்னவென்று எங்களுக்கு விளங்கியது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்ட மாணவர்களுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். அந்த மாணவிக்குக் காலங்கள் பன்னிரண்டும் தெரியும். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றத் தெரியும். எதிர்மறைக் கேள்விக்கு விடை சொல்வதில் தமிழும் ஆங்கிலமும் நேர் எதிர்த் திசையில் செல்கின்றன என்பதை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தராதவர்களில் நானும் ஒருவன்.

இந்தப் பிழையை வேறொரு கோணத்தில் பார்க்க எனக்குக் கற்றுத் தந்தது, தற்செயலாகக் கண்ணில் பட்ட ஒரு கொரியரின் ஆங்கிலம். 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கான பணி தொடங்கியதிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் கொரியர்கள் கணிசமாக வாழ்கின்றனர். எங்கள் பக்கத்து இளைஞர்கள் பலர் அங்கே வேலைக்குச் செல்கிறார்கள். அப்படிச் சென்ற என் பழைய மாணவர் ஒருவர், தம் கொரிய மேலாளர் எழுதிய குறிப்பைக் கைப்பேசியில் காட்டினார். 'வி டிஸ்கஸ்டு அபவுட் மெஷின்' என்று தொடங்கியிருந்தது அது. "ஐயா, இது நம்ம ஊர் இங்கிலீஷ் மாதிரியே இருக்கே!" என்று வியந்தார் அவர்.

வியப்பில் பொருள் இருந்தது. 'டிஸ்கஸ்' என்ற சொல்லோடு ஆங்கிலத்தில் 'அபவுட்' சேராது. ஆனால், தமிழர் ஒன்றைப் 'பற்றி' விவாதிக்கிறோம், கொரியரும் அப்படியே. 'மேரி' என்ற வினைக்கும் இது பொருந்தும். தமிழில் ஒருவரோடு திருமணம் நடக்கிறது, கொரியத்திலும் அவ்வாறே. எனவே இரு நாட்டு மாணவர்களும் 'மேரீடு வித்' என்று எழுதுகிறார்கள்.

அம்மாவை 'ஒம்மா' என்றும் அப்பாவை 'அப்பா' என்றும் கொரியர் அழைப்பதைப் பலரும் எடுத்துக்காட்டுவதுண்டு. ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர், கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-இல் ஓர் இலக்கண நூலையே வெளியிட்டார். இவ்விரண்டும் ஒரே குடும்பம் என்பதை இன்றைய மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்பதில்லை. உறவு இல்லாவிட்டாலும் ஒப்புமை உண்டு. இரு மொழிகளிலும் வினைச்சொல் தொடரின் இறுதியில் நிற்கிறது. உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டுகின்றன. ஆங்கிலத்தின் 'எ', 'தி' போன்ற சுட்டிகள் இல்லை. அதனால்தான் சியோல் மாணவரும் செந்துறை மாணவியும் ஆங்கிலத்தில் ஒரே இடங்களில் இடறுகிறார்கள். இடறும் இடங்கள் முன்கூட்டியே தெரியுமானால், அங்கே விளக்கு வைப்பது ஆசிரியரின் கடமை அல்லவா?

சொல் வரிசையிலிருந்து தொடங்கலாம். 'அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டத்துக்குப் போகிற பேருந்து' என்பதை ஆங்கிலமாக்கச் சொன்னால் மாணவர்கள் திணறுவார்கள். இதைக் கடைசியிலிருந்து படிக்கச் சொல்லுங்கள்: பேருந்து, போகிற, ஜெயங்கொண்டத்துக்கு, அரியலூரிலிருந்து. 'தி பஸ் தட் கோஸ் டு ஜெயங்கொண்டம் ஃப்ரம் அரியலூர்' என்ற தொடர் கிடைத்துவிடும். புதிதாக வந்தது 'தட்' என்ற இணைப்புச் சொல்லும் முன்னால் நிற்கும் 'தி'யும்தான். தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நிற்கும். ஆங்கிலத்தில் அந்த விளக்கம் பெயருக்குப் பின்னால் போகும். கொரியரும் பெயரெச்சத்தை முன்னால் வைப்பவர்களே.

அடுத்து வேற்றுமை. வீட்டில், மேசையில், பேருந்து நிலையத்தில் என மூன்று இடங்களுக்கும் நமக்கு ஏழாம் வேற்றுமையின் 'இல்' உருபு ஒன்றே போதும். ஆங்கிலம் 'இன்', 'ஆன்', 'அட்' என்று மூன்றாகப் பிரிக்கிறது. கொரியத்திலும் 'எ' என்னும் ஒரே உருபு இம்மூன்றின் வேலையையும் செய்கிறது. 'எனக்கு இரண்டு அண்ணன்கள் இருக்கிறார்கள்' என்பதில் நான்காம் வேற்றுமை வருகிறது. அதையே சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'ஃபார் மீ டூ பிரதர்ஸ் ஆர் தேர்' என்கிறான் மாணவன். ஆங்கிலத்தில் 'எனக்கு' என்பது 'நான்' ஆகி, 'இருக்கிறார்கள்' என்பது 'ஹேவ்' ஆகும் என்று ஒருமுறை காட்டினால் போதும், மறக்கமாட்டான்.

'எ', 'தி' குழப்பத்துக்கும் தமிழிலேயே வழி இருக்கிறது. சந்தைக்குப் போய்த் திரும்பிய அப்பா 'மாடு வாங்கினேன்' என்றால் ஏதோ ஒரு மாடு. 'மாட்டை வாங்கிவிட்டேன்' என்றால் முன்பே பேசிவைத்த, வீட்டார் அறிந்த மாடு. முதலாவது 'எ', இரண்டாவது 'தி'. எல்லா இடத்துக்கும் இந்த அளவுகோல் பொருந்தாது என்றாலும், தொடங்குவதற்கு இதைவிட நல்ல வாயில் இல்லை. இரண்டாம் வேற்றுமையின் 'ஐ' உருபு இந்த நுட்பத்தைச் சுமந்து நிற்பதை எங்கள் மாணவர்கள் பேச்சில் நாள்தோறும் சரியாகக் கையாள்கிறார்கள். தமக்கு அது தெரியும் என்பதுதான் அவர்களுக்குத் தெரிவதில்லை.

ஓரிடத்தில் நமக்குக் கொரியரைவிட வசதி அதிகம். அவர்கள் மொழியில் நான், அவன், அவள் யாராக இருந்தாலும் வினை மாறுவதில்லை. தமிழில் வருகிறேன், வருகிறான், வருகிறாள் என்று விகுதி மாறும். ஆங்கிலத்தில் 'ஹி கம்ஸ்' என்பதில் வரும் 'எஸ்' எழுத்தும் அத்தகைய விகுதியே என்று சொன்னால், 'ஹி கம்' என்று எழுதும் பழக்கம் விரைவில் குறைவதை வகுப்பில் கண்டிருக்கிறேன்.

இனி, அந்த மாணவியின் 'எஸ்'. 'நீ வரவில்லையா?' என்றால், 'ஆமாம், வரவில்லை' என்கிறோம். கேட்டவரின் கூற்று சரி என்று ஒப்புகிறோம். கொரியரும் 'நே' என்று, அதாவது 'ஆம்' என்று சொல்லித்தான் 'வரவில்லை' என்பார்கள். ஆங்கிலம் கேட்டவரின் கூற்றைப் பார்ப்பதில்லை. நடப்பை மட்டும் பார்க்கிறது. விடைத்தொடரில் 'இல்லை' வந்தால் முன்னால் 'நோ', வராவிட்டால் 'எஸ்'. அவ்வளவே விதி. மறுமுனையில் ஒரு கொரிய அதிகாரி இருந்திருந்தால் அந்த 'எஸ்' சரியாகவே புரிந்திருக்கக்கூடும் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது. நேர்காணல் தவிர, இயந்திரத்தின் அருகே நின்று 'மின்சாரத்தை நிறுத்தவில்லையா?' என்ற கேள்விக்குச் சொல்லப்படும் 'எஸ்' என்ன விளைவைத் தரும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இது இனி எங்கோ நடக்கும் கதையன்று. பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் காலணி ஆலை வந்துவிட்டது. ஜெயங்கொண்டத்தில் தைவான் நிறுவனத்தின் காலணி ஆலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. வெளிநாட்டாரோடு ஆங்கிலத்தில் பேசும் தேவை எங்கள் ஊர் வாசலுக்கே வந்திருக்கிறது. அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. 2022-இல் 'நான் முதல்வன்' திட்டமும் வந்தது. ஆனால், பெரும்பாலான வகுப்புகளில் தமிழ் இலக்கணமும் ஆங்கில இலக்கணமும் ஒன்றையொன்று அறியாத இரண்டு அயலார் போலவே இருக்கின்றன. வேற்றுமையையும் பெயரெச்சத்தையும் நடத்தும் தமிழாசிரியரோடு ஆங்கில ஆசிரியர் மாதம் ஒருமுறை அமர்ந்து பேசினால், இரு பாடங்களுமே தெளியும். இதற்குப் புதிய அரசாணையோ நிதியோ தேவையில்லை.

'தமிழில் யோசிக்காதே' என்று மாணவர்களிடம் நானும் பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. தமிழில் யோசித்து, ஆங்கிலம் எந்த இடத்தில் திரும்புகிறது என்று பார்க்கச் சொல்கிறேன். அந்த மாணவி அடுத்த நேர்காணலுக்கு முன்பு என்னிடம் வந்தார். எதிர்மறைக் கேள்விகளாகவே ஒரு மணி நேரம் கேட்டேன். முதலில் தடுமாறியவர், முடிவில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இவ்வளவுதானா ஐயா? இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

சொல்லியிருக்கலாம்தான்.