துணிக்கும் ஓர் அறை
ஆரியசாலையின் ஒடுங்கிய வீடுகளில் வாஷிங் மெஷின் நுழைந்துவிட்டது. அதை எங்கே வைப்பது, துணியை எங்கே உலர்த்துவது என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டால் திருவனந்தபுரம் வீடுகளின் தோற்றமே மாறிவிடும். நாற்காலி முதுகில் பாவாடை, ஜன்னல் கம்பியில் காலுறை, ஃபேனுக்கு நேர் கீழே பள்ளிக்கூடச் சட்டை. மூன்றாம் நாள் சட்டையிலிருந்து ஒரு புளித்த நெடி. ஐந்தாம் நாள் வெள்ளை வேட்டியில் கறுப்புப் பொட்டுகள். மலையாளத்தில் அதற்குக் கரிம்பன் என்று பெயர். ஒருமுறை பிடித்துவிட்டால் எளிதில் போகாத பூஞ்சைக் கறை அது.

இந்த நகரத்துக்கு மழை ஒரு பருவத்தோடு முடிவதில்லை. ஜூனில் தொடங்கும் மழை ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் துலாவர்ஷம். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியோடு ஊர்வலமாக வரும் வேளிமலை குமாரசுவாமி, நவராத்திரிக்கு ஆரியசாலை தேவி கோயிலில் தங்கும் நாட்களில் வானம் பெரும்பாலும் மூட்டமாகத்தான் இருக்கும். பண்டிகைக்குத் துவைத்த துணி கொடியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

சாலைக் கடைவீதியை ஒட்டிய இந்தப் பகுதியிலும் பக்கத்து வலியசாலை அக்ரஹாரத்திலும் பழைய வீடுகளின் அமைப்பு ஒன்றுதான். தெருவை ஒட்டித் திண்ணை, பிறகு ரேழி, கூடம், அடுக்களை, கடைசியில் கொல்லை, கிணறு, துவைக்கிற கல். பக்கச் சுவர்கள் இரண்டும் அண்டை வீட்டோடு பொது. காற்றும் வெளிச்சமும் முன்னாலிருந்தோ, பின்னாலிருந்தோ, நடு முற்றத்திலிருந்தோதான் வரவேண்டும். முற்றத்தை மூடினார்கள். கொல்லையில் ஒரு படுக்கையறை எழுந்தது. துவைக்கிற கல் போன இடத்தில் ஸ்கூட்டர் நிற்கிறது. மெஷின் வந்தபோது மிச்சமிருந்தது மாடிப்படிக்கு அடியில் உள்ள பொந்து அல்லது குளியலறை மூலை. இரண்டுமே மோசம் என்றாலும் குளியலறை இன்னும் மோசம்: மெஷினின் அடிப்பாகம் துருப்பிடிக்கும், ஈரத்தில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடவேண்டியிருக்கும்.

மெஷினுக்கு ஏறக்குறைய 2 அடிக்கு 2 அடி போதும். முன்னால் கதவு திறக்கும் ரகமென்றால் எதிரே குனிந்து நிற்க 3 அடி, மேல்மூடி ரகமென்றால் மூடி திறக்கத் தலைக்கு மேல் இடம். 5 அடிக்கு 6 அடி அறை இருந்தால் மெஷின், தொட்டி, அழுக்குக் கூடை எல்லாம் அடங்கிவிடும். தகராறு உலர்த்துவதில்தான். 5 கிலோ பருத்தித் துணியை நிமிடத்துக்கு 1,000 சுற்றில் பிழிந்தாலும் அதில் இரண்டரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் தங்கியிருக்கும். மூடிய அறையில் உலர்த்தினால் அந்தத் தண்ணீர் அத்தனையும் வீட்டுக் காற்றில் கலந்து சுவரில் பூஞ்சையாகத் திரும்பி வரும். ஆஸ்துமாக்காரர்கள் உள்ள வீட்டில் இது துணிப் பிரச்சினையோடு நிற்பதில்லை.

இதற்கு விடை இதே நகரத்தில் இருக்கிறது. பர்மிங்ஹாமில் பிறந்து, திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007இல் மறைந்த லாரி பேக்கர், ஜன்னலுக்குப் பதில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலிச் சுவரைப் பரவலாகப் பயன்படுத்தினார். உள்ளூரில் 1970களில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தில் அதைப் பார்க்கலாம். கொல்லைப்புறச் சுவரை ஜாலியாக எழுப்பி, மேலே கூரையை இரண்டடி நீட்டிவிட்டால் காற்று நாள் முழுவதும் ஓடும், சாரல் உள்ளே வராது. உள்ளாடைகள் அண்டை வீட்டார் கண்ணில் படாது என்பதும் சின்ன விஷயமல்ல. ஜாலிக்கு நேர் எதிரே இன்னொரு திறப்பு இருக்கவேண்டும். காற்று வெளியேற வழியில்லாத அறைக்குள் காற்று நுழைவதும் இல்லை.

இரண்டாவது விடை இன்னும் பழையது. மடித் துணி உலர்த்துவதற்காகக் கூடத்து உத்தரத்தின் கீழ் கட்டப்பட்ட மூங்கில் கழியும், துணியை அதில் ஏற்ற ஒரு நீளக் குச்சியும் பல வீடுகளில் இருந்தன. யாரும் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு. ஆனால் சூடான காற்று மேலேதான் சேரும் என்பதால் அறையிலேயே துணி சீக்கிரம் காயும் இடமும் அதுதான். இன்று புல்லியும் கயிறும் பொருத்திய ஸ்டீல் கம்பிகளாக அதே உத்தி கடைகளில் விற்கிறது. கம்பிகளுக்கிடையே முக்கால் அடி இடைவெளி விடவேண்டும். சீலிங் ஃபேனைவிட, கம்பிகளின் நீளவாக்கில் வீசும் டேபிள் ஃபேன் நன்றாக வேலை செய்யும்.

மொட்டை மாடிக்கு மேல் தகரக் கூரை போட்டுவிடுவதுதான் இப்போது கேரளத்தில் பரவலான வழி. காற்றோட்டத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் மெஷின் கீழே, கொடி மேலே என்றால் ஏழெட்டு கிலோ ஈரத்துணியைச் செங்குத்தான படியில் தினமும் சுமப்பது யார்? மெஷினையும் மாடிக்கே கொண்டுபோனால் வேறு சிக்கல். பல மெஷின்கள் குறைந்தது 0.3 பார் அழுத்தம் கேட்கின்றன. அதாவது, தண்ணீர்த் தொட்டி குழாயைவிடச் சுமார் 10 அடி உயரத்தில் இருக்கவேண்டும். தொட்டியின் பக்கத்திலேயே வைத்த மெஷின் தண்ணீருக்காகக் காத்துக்கொண்டே இருக்கும்.

மின்சாரத்தில் சிக்கனம் கூடாது. எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக், தரையிலிருந்து நாலடி உயரத்தில், குழாயை விட்டு விலகி. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் கட்டாயம். தரை, நாலடிக்கு அரை அங்குலம் என்ற கணக்கில் வடிகாலை நோக்கிச் சரியட்டும். பளபளக்கும் சிவப்பு ஆக்சைடு தரை அழகுதான், ஆனால் சோப்புத் தண்ணீர் பட்டால் வழுக்கும். வயதானவர்கள் புழங்கும் வீட்டில் மெருகேற்றாத கோட்டா கல்லே மேல். சுவருக்கு விலையுயர்ந்த எமல்ஷன் வேண்டாம். ஈரத்தில் அது உரிந்து வரும். வெறும் சுண்ணாம்பு காரத்தன்மை உள்ளது, பூஞ்சை லேசில் பிடிக்காது, இருட்டு மூலையையும் வெளிச்சமாக்கும்.

கழிவுநீரை வாழைக்கு விடுவது ஊர் வழக்கம். உறிஞ்சு குழி தோண்டினால் குடிநீர்க் கிணற்றிலிருந்து ஏழரை மீட்டராவது தள்ளி இருக்கவேண்டும் என்கின்றன கேரளக் கட்டட விதிகள். குறுகிய கொல்லைகளில் அந்த இடம் கிடைக்காது. அங்கே பொதுக் கழிவுநீர்க் குழாயில் இணைப்பதுதான் வழி.

துவைக்கிற கல்லை அடியோடு தூக்கிவிடாதீர்கள். காலர் அழுக்கு, மிதியடி, எண்ணெய்ப் பிசுக்குத் துண்டு இவற்றுக்கு மெஷின் இன்னும் அரைகுறை வேலைக்காரிதான். கல்லை இரண்டேமுக்கால் அடி மேடையில் ஏற்றிவிட்டால் முதுகு பிழைக்கும்.

கம்பியின் உயரத்தை மட்டும் கொத்தனார் தீர்மானிக்கக் கூடாது. புல்லி இல்லாத சாதாரணக் கம்பியென்றால், துணி உலர்த்தப் போகிறவரைச் சுவரோரம் நிற்கவைத்துக் கையை உயர்த்தச் சொல்லி, விரல் நுனிக்கு நாலு விரற்கடை கீழே கரியால் ஒரு கோடு போடுங்கள். துளை அங்கேதான் விழவேண்டும்.