மின்கம்பியும் நம் கையும்

நெருப்பின் வரவைப் புகை முன்னறிவிக்கும்; வெள்ளத்தின் வரவை ஓசை முன்னறிவிக்கும். மின்சாரத்தின் தீமையையோ முன்னறிவிப்பது யாதொன்றுமில்லை. மின்சாரம் பாயும் கம்பியும் பாயாத கம்பியும் கண்ணுக்கு ஒரு தன்மையனவாகவே தோன்றும். இதனினும் வியப்பு ஒன்றுண்டு: பிழைபட இணைத்த விளக்கும், செம்மையுற இணைத்த விளக்கைப் போலவே ஒளிவிட்டெரியும். இவ்வுண்மையை யாம் நூலிற் கற்றோமல்லோம். எம் இல்லத்திலே பட்டறிந்தோம். தமிழ் பயிலும் மாணவர்க்கு மின்கம்பியோடு யாது தொடர்பு என்று நகைக்கும் நண்பர்க்கு இதுவே எம் விடையாகும்.

யாம் பள்ளியிற் பயின்ற காலத்தே, அடுக்களை விளக்கிற்கு வாயிலருகே புதிதாய் ஒரு சுவிட்சு இருப்பின் நலமென்று எம் அன்னையார் கூறினர். மின்னியலில் ஒரு பாடம் படித்திருந்த செருக்கினால், யாமே திருப்புளி ஏந்தி ஒரு பிற்பகலில் அப்பணியை முடித்தோம். விளக்கு எரிந்தது, சுவிட்சை மாற்ற அணைந்தது. வீட்டார் மெச்சினர். ஈராண்டு கழிந்தபின் ஐப்பசி மழைநாள் ஒன்றில், பல்பின் கண்ணாடி உடைந்து அதன் அடிப்பகுதி மட்டும் ஹோல்டரினுள் நின்றுவிட்டது. அன்னையார் சுவிட்சை அணைத்துவிட்டு, ஒரு கையை ஈரச் சுவரில் ஊன்றி, மறு கையால் அதனைக் கழற்ற முயன்றனர். மறுநொடியே முக்காலியினின்றும் கீழே வீழ்ந்தனர். உயிர் தப்பியது பெரும்பேறு; மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

அதனை ஆராய வந்த முதிய வயர்மேன் ஒருவர், சுவிட்சு அணைந்திருக்கவும் ஹோல்டரில் டெஸ்டரை வைத்தார். அது ஒளிர்ந்தது. “தம்பி, விளக்கைக் கேட்டால் எல்லாம் சரி என்றுதான் சொல்லும், இதைக் கேட்டிருக்க வேண்டும்” என்றார். அச்சொல் இன்றும் எம் நெஞ்சைவிட்டு அகன்றிலது.

யாம் செய்த பிழை யாது? நம் நாட்டில் வீட்டிற்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுடையது. அது பேஸ் கம்பி வழியே வந்து, விளக்கினூடு சென்று, நியூட்ரல் கம்பி வழியே மீள்வது. வழக்கமாகப் பேஸ் கம்பி சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய நிறங்களுள் ஒன்றையும், நியூட்ரல் கம்பி கருமையையும், எர்த் கம்பி பச்சையையும் உடையன. சுவிட்சைப் பேஸ் கம்பியிலே அமைத்தல் வேண்டும். யாம் கருங்கம்பியில் அமைத்துவிட்டோம். எக்கம்பியைத் துண்டித்தாலும் விளக்கு அணையும். ஆயினும் மீளும் வழியை அடைத்தமையால், வரும் வழியிலுள்ள மின்சாரம் ஹோல்டர்மட்டும் வந்து காத்து நின்றது. அன்னையாரின் விரலும் ஈரச்சுவரும் அதற்கு மீளும் வழியாயின.

பியூஸ் இருந்ததே, அது காவாதோ எனின், ஈண்டே பலரும் மயங்குகின்றனர். உடலிற் பாயும் மின்சாரத்தை மில்லி ஆம்பியரால் அளப்பர். அஃது ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு கூறு. ஏறத்தாழ 1 மில்லி ஆம்பியர் பாயின் உடல் உணரும். 10 அல்லது 15 மில்லி ஆம்பியர் அளவிலே தசைகள் இறுகிப் பற்றிய கம்பியைக் கைவிடல் அரிதாகும். 30-ஐக் கடந்து நீடிப்பின் மூச்சுக்கும் இதயத்துக்கும் இடர் நேரும். 60 வாட் பல்பு ஒன்று எரிதற்கு 260 மில்லி ஆம்பியர் வேண்டும். விளக்குகளுக்கு இடும் பியூஸ் 5 அல்லது 6 ஆம்பியருக்குரியது. அதாவது 5,000 அல்லது 6,000 மில்லி ஆம்பியர். ஆகவே ஒருவர் உயிர் போதற்குப் போதிய மின்சாரம் பாய்ந்தும் பியூஸ் அசையாதிருக்கும். பியூஸும், அதன் இடத்தில் இக்காலத்து வந்துள்ள எம்.சி.பி.யும் கம்பி காய்ந்து வீடு தீப்பற்றாமற் காப்பன. மின்னைத் தொட்ட மாந்தரைக் காப்பன அல்ல.

அப்பியூஸையும் நாம் வாளாவிடுவதில்லை. அது அடிக்கடி உருகுகின்றதென்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடுகின்றோம். அதன்பின் எல்லாம் இடையூறின்றி நடைபெறும். உருக வேண்டிய கம்பி உருகாமையால், சுவரினுள் மறைந்துள்ள கம்பி காயத் தொடங்கும். இது விளக்கு எரிய மறைந்துறையும் இரண்டாவது பிழை.

மூன்றாவது, எர்த் கம்பியின் இன்மை. இஸ்திரிப் பெட்டியின் உள்ளே காப்புறை கெட்டுப் பேஸ் கம்பி இரும்பிற் படுமாயின், எர்த் கம்பி அம்மின்சாரத்தைத் தடையின்றி மண்ணுக்குக் கொண்டுசெல்லும். பேரளவு பாய்தலின் பியூஸும் உடனே உருகும். மூன்று முனைப் பிளக்கில் எர்த் முனை மட்டும் நீண்டிருத்தலைக் காணலாம். செருகுங்கால் அது முந்தித் தொடும். பிடுங்குங்கால் பிந்தி விலகும். காவல் முன்வந்து பின்போதல் வேண்டுமென்பது அதன் கருத்து. விடுதிகளிலோ, பிளக்கையே அறுத்தெறிந்து, இரு கம்பிகளைத் துளையிற் செருகித் தீக்குச்சியால் இறுக்குவாரும் உளர். பெட்டி காய்கின்றது, சட்டையின் மடிப்பும் நேராகின்றது. காவல் நீங்கியதை யார் அறிவர்?

மாந்தரைக் காத்தற்கெனவே அமைந்தது ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. உடல் தாங்கும் மின்சார அளவை நெடுநாள் ஆராய்ந்த கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல், 1961-இல் அமெரிக்காவில் இவ்வினத்துக் கருவியொன்றை அமைத்தார். போன மின்சாரமும் மீண்ட மின்சாரமும் ஒத்துள்ளனவா என்று இது இடைவிடாது கணக்குப் பார்க்கும். வீடுகளுக்குரிய கருவி, 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டிக்கும். ஆயினும் பேஸையும் நியூட்ரலையும் ஒருங்கே தொட்டவரை இதுவும் அறியாது; அவர் உடலை ஒரு விளக்கென்றே கருதும். அதன் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்த்தல் நன்று.

இனிச் சட்டம் கூறுவது காண்போம். வீட்டில் மின்கம்பி இடுதல், கூட்டுதல், மாற்றுதல், பழுதுபார்த்தல் என்பன உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரால், தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளரின் கண்காணிப்பில், அதற்குரிய அனுமதி பெற்ற தொழிலாளரால் செய்யப்படல் வேண்டுமென்று 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் வகுத்தன. மத்திய மின்சார ஆணையம் பின்னர் இயற்றிய பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் இந்நெறியையே தழுவின. தமிழ்நாட்டில் இவ்வுரிமங்களை வழங்குவது மின் உரிமம் வழங்கும் வாரியம். எனினும் சட்டம் நம் கையை முற்றும் கட்டிவிடவில்லை. விளக்கு, மின்விசிறி, பியூஸ், சுவிட்சு முதலியவற்றை, மின்னமைப்பின் அளவும் இயல்பும் மாறாதவாறு, பழையதை எடுத்துப் புதியதை வைக்கும் அளவிற்கு இடந்தருகின்றது.

இவ்வெல்லை ஏன் ஈண்டு வரையப்பட்டது? உள்ள இடத்தில் உள்ளதுபோன்றதை வைக்குங்கால் முன்னிருந்த செம்மை கெடுதற்கு இடம் குறைவு. புதிது கூட்டுங்காலோ, செம்மையா பிழையா என்பது சோதித்தாலன்றிப் புலப்படாது. கம்பியின் காப்புறையை 500 வோல்ட் அழுத்தத்தில் ஒரு நிமிடம் சோதித்து, தடை 10 இலட்சம் ஓமுக்குக் குறையாதிருத்தலைக் காண்டல் வேண்டும் என்பது விதி. அதற்குரிய கருவியும் பயிற்சியும் நம்மிடம் இல்லை. யாம் பழைய சுவிட்சை மாற்றினோமல்லோம், புதியதொன்றைக் கூட்டினோம். எல்லையைக் கடந்தது அவ்விடத்தே என்க.

நமக்கு விடப்பட்ட சிறு பணியிலும் கவனம் வேண்டும். சுவிட்சை நம்பாது மெயினையே அணைத்தல், அணைத்ததைப் பிறர் போடாவண்ணம் அறிவித்தல், டெஸ்டரை மின்சாரமுள்ள இடத்தில் முதற்கண் சோதித்துப் பின் பணியிடத்தில் வைத்துப் பார்த்தல், ஈரக்கையோடு அணுகாமை ஆகியன மறவாதன. எவரேனும் மின்சாரத்தாற் பற்றப்படின் அவரைத் தொடற்க, மெயினை அணைக்க, அஃது இயலாவிடின் உலர்ந்த மரக்கோலால் விலக்குக. உடனே மருத்துவ உதவியை நாடுக.

அன்னையாரின் கை பின்னர்க் கூடியது. ஆயினும் குடம் தூக்குங்கால் இன்றும் மணிக்கட்டைப் பற்றிக்கொள்வர். அச்சுவிட்சை முதிய வயர்மேன் செம்மை செய்து தந்தார். விளக்கு முன்போலவே எரிகின்றது, முன்போலவே அணைகின்றது. கண்ணுக்கு யாதொரு வேறுபாடுமில்லை. நண்பர்காள்! அவ்வேறுபாடு கண்ணுக்குப் புலனாகாமையே நாம் அஞ்சத்தக்கது.