சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்

ஐந்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போதே மகளை அடுத்து எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற பேச்சு பல வீடுகளில் தொடங்கிவிடுகிறது. பாளையங்கோட்டை, நாகர்கோவில், திருச்சி போன்ற ஊர்களில் பெண்பிள்ளைகளுக்கென்று பெயர்பெற்ற பள்ளிகளில் பலவற்றை மத நிறுவனங்களே நடத்துகின்றன. ஒருபுறம் அருட்சகோதரிகளின் கான்வென்ட், மறுபுறம் சி.எஸ்.ஐ. பள்ளி. வேறு ஊர்களில் முஸ்லிம் அறக்கட்டளைப் பள்ளியோ, மடமோ ஆசிரமமோ நடத்தும் பள்ளியோ அந்த இடத்தில் இருக்கும். "கான்வென்டில்தான் கண்டிப்பு" என்கிறார் பாட்டி. "ரிசல்ட் அங்கேதான்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

இந்தப் பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது ஒன்றுண்டு. பள்ளியை எந்த மதத்தார் நடத்துகிறார்கள் என்பதைவிட, அது சட்டத்தின் கண்ணில் எந்த வகைப் பள்ளி, நாம் எதற்கு ஒப்புதல் கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறோம் என்பவையே அடுத்த ஏழு ஆண்டுகளுக்கு நம் மகளின் உரிமைகளைத் தீர்மானிக்கின்றன. பெண் படித்து என்ன ஆகப்போகிறது என்று ஊரே கேட்ட காலத்தில் கதவைத் திறந்தவை இந்தப் பள்ளிகள். அந்த நன்றி நமக்கு இருக்க வேண்டும். அதற்காகக் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருக்க வேண்டியதில்லை.

உதவி பெறும் பள்ளியா, சுயநிதியா?

ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு கட்டடங்கள் இருக்கும். பழைய ஓட்டுக் கட்டடத்தில் அரசு உதவி பெறும் மேல்நிலைப்பள்ளி. புதிய மாடிக் கட்டடத்தில் மெட்ரிக் பள்ளி. நிர்வாகம் ஒன்று, சிற்றாலயம் ஒன்று, ஆண்டு விழாவும் சில இடங்களில் ஒன்றுதான். பெற்றோருக்கு இரண்டும் ஒரே பள்ளியாகத் தோன்றும். சட்டத்துக்கு அப்படியில்லை.

உதவி பெறும் பள்ளியின் அங்கீகரிக்கப்பட்ட பணியிடங்களுக்கு அரசு சம்பளம் கொடுக்கிறது. தமிழ்வழிப் பிரிவில் கல்விக் கட்டணம் கிடையாது. விலையில்லாப் பாடநூலும் சத்துணவும் உண்டு. அதே பள்ளியில் ஆங்கிலவழிப் பிரிவு சுயநிதியாக நடக்கலாம். அதற்குக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். ஆகவே பள்ளியின் பெயரைக் கேட்டால் போதாது. மகள் உட்காரப்போகும் பிரிவு எது என்று கேளுங்கள்.

இந்த வேறுபாடு பள்ளியோடு முடிவதில்லை. உயர்கல்வி படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்க 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் முதலில் அரசுப் பள்ளி மாணவியருக்கு மட்டுமே இருந்தது. 2024 டிசம்பரில் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. மெட்ரிக் கட்டடத்தில் படித்த பெண் இதில் வரமாட்டாள். மருத்துவப் படிப்புக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை 2020இல் கொண்டுவந்தபோது அது அரசுப் பள்ளி மாணவர்களுக்கென்றே வகுக்கப்பட்டது. உதவி பெறும் பள்ளிகள் அதில் சேரவில்லை. "இதுவும் கவர்ன்மென்ட் எய்டட்தானே" என்று நம்பிக்கொண்டிருந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் விவரம் தெரிவது பெரிய ஏமாற்றம். அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்வழியில் பயின்றோருக்கான 20 விழுக்காடு முன்னுரிமைக்கும், 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பள்ளிக்கல்வி முழுவதும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சேர்க்கும்போதே கேட்டுவிடுங்கள்: பதினொன்றாம் வகுப்பில் என்னென்ன குரூப் இருக்கின்றன? கணிதம்–உயிரியல் பிரிவோ கணினி அறிவியலோ இல்லாத பள்ளியில் சேர்த்தால், பத்தாம் வகுப்போடு மகள் வேறு பள்ளி தேட வேண்டிவரும். அல்லது இருக்கும் குரூப்புக்குள் தன் ஆசையைச் சுருக்கிக்கொள்வாள்.

வழிபாடும் வேதபாடமும்

அரசமைப்புச் சட்டத்தின் 28(3) பிரிவை ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற கல்வி நிறுவனத்தில் படிக்கும் எவரையும், அங்கே நடக்கும் சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அது. அங்கீகாரம் இருந்தாலே போதும் என்பதால் மெட்ரிக் பள்ளிக்கும் இது பொருந்தும். கிறிஸ்தவப் பள்ளி, முஸ்லிம் பள்ளி, இந்து அறக்கட்டளைப் பள்ளி என்ற வேறுபாடும் இல்லை. பள்ளி வழிபாடு நடத்தலாம். அது அவர்கள் உரிமை. உங்கள் மகளை அதில் பங்கேற்றே ஆக வேண்டும் என்று சொல்ல முடியாது.

ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. மாணவர் ஒப்புக்கொண்டால், மாணவர் சிறாராக இருந்தால் அவருடைய பாதுகாவலர் ஒப்புக்கொண்டால், பங்கேற்கச் செய்யலாம். அதனால்தான் சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கம் முக்கியமாகிறது. சில படிவங்களின் உறுதிமொழிப் பகுதியில் "பள்ளியின் எல்லா விதிகளுக்கும் ஆன்மிக நிகழ்ச்சிகளுக்கும் சம்மதிக்கிறேன்" என்பதுபோல ஒரு வரி பொடி எழுத்தில் இருக்கும். கூட்டத்தில் நின்றுகொண்டு, பேனா கடன் வாங்கி, படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். அந்தக் கையெழுத்துதான் சட்டம் சொல்லும் ஒப்புதல்.

உங்களுக்கு முழுச் சம்மதம் என்றால் மனமாரக் கையெழுத்திடுங்கள். இல்லையென்றால் அந்த வரியின் பக்கத்திலேயே எழுதுங்கள்: "காலை வழிபாட்டில் மகள் அமைதியாக நிற்பாள், சமய போதனை வகுப்புக்கும் தியான முகாமுக்கும் ஒப்புதல் இல்லை." தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு, செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முன்பு கொடுத்த ஒப்புதலை மாற்ற விரும்பினாலும் தலைமையாசிரியருக்குக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிடுங்கள்.

கத்தோலிக்கப் பள்ளிகளில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்புக்குப் போகும் நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடப்பது வழக்கம். சி.எஸ்.ஐ. பள்ளிகளில் வேதபாட வகுப்பும், முஸ்லிம் பள்ளிகளில் தீனியாத் வகுப்பும் இருக்கலாம். "அந்த நேரத்தில் என் மகள் எங்கே உட்காருவாள்? என்ன படிப்பாள்?" என்று கேளுங்கள். தெளிவான பதில் சொல்லும் பள்ளி இதை முன்பே யோசித்திருக்கிறது. "அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்பது பதில் ஆகாது.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் இதில் யோசிக்க இருக்கிறது. ஆர்.சி. வீட்டுப் பெண் சி.எஸ்.ஐ. பள்ளியில் படித்தால் உறுதிப்பூசுதலுக்கான தயாரிப்பைப் பங்கின் ஞாயிறு மறைக்கல்வியில்தான் பெற வேண்டும். சி.எஸ்.ஐ. வீட்டுப் பெண் கான்வென்டில் படித்தால் திடப்படுத்தல் வகுப்புக்குச் சபையில் சேர வேண்டும். பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது.

பொட்டு, பூ, முக்காடு

மனவருத்தம் அதிகம் வருவது இங்கேதான். சட்டமும் இங்கே நாம் எதிர்பார்க்கும் அளவுக்குக் கைகொடுப்பதில்லை. 2018இல் கேரள உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், கிறிஸ்தவ நிர்வாகத்தின் பள்ளி ஒன்றில் முக்காடும் முழுக்கைச் சட்டையும் அணிய அனுமதி கேட்டார்கள் இரண்டு மாணவியர். தனியார் நிறுவனத்தைத் தன் விருப்பப்படி நடத்தும் உரிமைக்கு முன் தனிநபர் விருப்பம் வழிவிட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கர்நாடக ஹிஜாப் வழக்கில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்புகளை அளித்தார்கள்.

மனசாட்சிக்கு இடம் கொடுத்த தீர்ப்பும் உண்டு. நாயர் சர்வீஸ் சொசைட்டியின் பள்ளியில் படித்த, யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள். பாட மட்டும் மறுத்தார்கள். 1985இல் பள்ளி அவர்களை வெளியேற்றியது. 1986இல் பிஜோ இமானுவேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது.

ஆகவே உடைவிதியைச் சேர்க்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பொட்டு, பூ, மருதாணி, முக்காடு, மாலை போட்டிருக்கும் நாட்கள் என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். தீபாவளிக்கு வைத்த மருதாணிக்காக வகுப்புக்கு வெளியே நின்று அழும் பிள்ளைக்கு, அப்போது நாம் சட்டம் பேசி ஆறுதல் சொல்ல முடியாது.

சேர்க்கை, கட்டணம், டி.சி.

சிறுபான்மை நிறுவனங்கள் தங்கள் சமூகத்தாருக்கு முன்னுரிமை தருவதை அரசமைப்பின் 30(1) பிரிவின் கீழ் நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. ஆனால் உதவி பெறும் பள்ளியில் மதம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் காட்டி இடம் மறுக்கக் கூடாது என்கிறது 29(2). இவை இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று 2014இல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே அந்தச் சட்டத்தை மட்டும் நம்பி வாதாடப் போகாதீர்கள்.

அதற்காக நன்கொடை என்ற பெயரில் கேட்பதையெல்லாம் கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டில் கல்வி நிறுவனங்கள் கட்டாய நன்கொடை வாங்குவதைத் தடைசெய்யும் சட்டம் 1992 முதல் இருக்கிறது. சுயநிதிப் பள்ளிகளுக்கு 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு குழு கட்டணம் நிர்ணயிக்கிறது. அந்த ஆணையின் நகலைக் கேளுங்கள். கட்டட நிதி, விழா நிதி எதுவானாலும் ரசீது வாங்குங்கள். மாற்றுச் சான்றிதழைக் கட்டண பாக்கி வசூலிக்கும் கருவியாக்கக் கூடாது என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பாதுகாப்பு

நம் சாமியின் பெயரால் நடக்கும் பள்ளி என்பதாலேயே பாதுகாப்பு உறுதி என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் மறைப்பது போக்சோ சட்டத்தின்படி குற்றம். நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அவர் துறவி, போதகர், மௌலவி யாராக இருந்தாலும் விதிவிலக்கு இல்லை. தன் பொறுப்பில் இருக்கும் குழந்தையைக் கொடுமைப்படுத்துபவருக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவின் கீழ் மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். கண்டிப்பு வேறு, அடி வேறு. விடுதியில் சேர்ப்பதானால், 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மகளோடு பேச எந்தெந்த நாளில் விடுவார்கள் என்றும் கேளுங்கள். பள்ளியைச் சுற்றிப் பார்க்கும்போது கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். மாதவிடாய் நாட்களில் உங்கள் மகள் நாள் முழுக்க அங்கே இருக்க வேண்டும்.

சிக்கல் வந்தால்

முதலில் வகுப்பாசிரியர், பிறகு தலைமையாசிரியர், பிறகு தாளாளர். எல்லாமே எழுத்தில் இருக்கட்டும். அங்கே தீராவிட்டால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம், மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் என்று மேலே போகலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு, அதற்கு 15100. புகார் கொடுத்தால் பிள்ளையைப் பழிவாங்குவார்களோ என்ற அச்சம் நியாயமானது. அதே குறை உள்ள நான்கைந்து பெற்றோர் சேர்ந்து கையெழுத்திட்டால் யாரையும் தனியே குறிவைப்பது கடினம்.

கடைசியாக, மகளைக் கேளுங்கள். தன்னைப் பாதிக்கும் முடிவுகளில் கருத்துச் சொல்லும் உரிமையையும், மனசாட்சிச் சுதந்திரத்தையும் குழந்தைக்குத் தரும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. இரண்டு பள்ளிகளுக்கும் அவளை அழைத்துப்போய், "இங்கே உனக்குப் பயமாக இருக்கிறதா? உன் கேள்விகளை இங்கே கேட்க முடியும் என்று தோன்றுகிறதா?" என்று கேளுங்கள். அவளுடைய பதிலையும், பள்ளி எழுத்தில் தந்த பதில்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் எழுத்தில் பதில் தந்த பள்ளியையே தேர்ந்தெடுங்கள், அது உங்கள் மதத்தாருடையதாக இல்லாவிட்டாலும்.